கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோவில்: கட்டடமும் உள்ளழகும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பலர் மாதா கோவிலின் வெள்ளைக் கோபுரங்களைத் தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, நேராகப் படகுத்துறை வரிசைக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே போகிறவர்களும் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா எதைப் பார்க்கணும்னு தெரியல" என்பதுதான் வழக்கமாகக் கேட்கும் குறை. வெளியூர் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பொறியாளரும் இல்லை, சாமியாரும் இல்லை. இந்த மாவட்டத்துக் கோவில்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன், அவ்வளவுதான்.

இது சவேரியார் கட்டிய கோவிலா?

இல்லை. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் வந்து இறங்கினார். அந்த ஆண்டின் பிற்பகுதியிலேயே முத்துக்குளித்துறை (தூத்துக்குடிப் பக்கக் கடற்கரை) பக்கம் வந்துவிட்டார். 1544 ஜூனில் வடக்கில் இருந்து வந்த வடுகர் (தெலுங்கர்) படை இந்தக் கரையைத் தாக்கியபோது, குமரிமுனை மீனவர்கள் உயிருக்குப் பயந்து கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுவர மணப்பாட்டில் இருந்து இருபது தோணிகளோடு சவேரியார் புறப்பட்டதை அவருடைய கடிதமே சொல்கிறது. எதிர்க்காற்று தோணிகளை முனைக்கு வரவிடவில்லை. ஜூன் மாதக் காற்றை அறிந்த எந்த மீனவரும் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார். பிறகு அவர் கால்நடையாகத்தான் வந்து சேர்ந்தார்.

ஆக, இந்த ஊரின் கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் பதினாறாம் நூற்றாண்டு வயது. நாம் இன்று பார்க்கிற கட்டடமோ கோதிக் என்ற ஐரோப்பியக் கட்டடப் பாணியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1900இல் அருட்தந்தை ஜான் கொன்சால்வஸ் காலத்தில் வேலை தொடங்கி, 1914இல் முடிந்தது. அப்போது இந்த ஊர் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதிதான்.

கோதிக் என்றால் ஐரோப்பாவில் எண்ணூறு வருடத்துக்கு முந்தியது என்று படித்தேனே. 1900இல் கட்டியது எப்படி கோதிக் ஆகும்?

இரண்டுமே சரி. கோதிக் பிறந்தது 1140களில், பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட் தெனி மடாலயத்தில். அங்கே சூழே என்ற மடாதிபதி கோவிலின் பீடப் பகுதியைத் திருப்பிக் கட்டியபோது, சுவரைக் குறைத்துக் கண்ணாடியைக் கூட்டினார். அங்கிருந்து சார்த்ர், பாரிஸ், அமியான், கொலோன் என்று ஊர் ஊராகப் பேராலயங்களில் பரவியது. பதினாறாம் நூற்றாண்டில் அந்த மோகம் அடங்கிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவே பழையதைத் திரும்பிப் பார்த்தது. இங்கிலாந்து நாடாளுமன்றக் கட்டடத்தைக் கோதிக் பாணியில் மறுபடி கட்டினார்கள். 1248இல் தொடங்கி நூற்றாண்டுக் கணக்கில் அரைகுறையாக நின்ற கொலோன் பேராலயத்தை 1880இல் முடித்தே விட்டார்கள். அந்த அலை கப்பலேறி இங்கும் வந்தது. கொல்கத்தா உயர்நீதிமன்றம் 1872, பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் 1888, சென்னை சாந்தோம் பேராலயம் 1896, புதுச்சேரி இருதய ஆண்டவர் பசிலிக்கா 1907. கன்னியாகுமரிக் கோவில் இந்த வரிசையில் வருகிறது.

சுற்றுலாப் பலகைகளில் 'போர்த்துகீசிய கோதிக்' என்று எழுதுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இங்கே போர்த்துகீசியர் விட்டுப்போனது பக்தியும் பெயர்களும் திருவிழா முறைகளும். கோவாவில் அவர்கள் கட்டிய பெரிய கோவில்களைப் பாருங்கள், போம் ஜேசு பசிலிக்கா உட்பட. அவை வேறு பாணி. அங்கே கூர்முனை ஆர்ச்சுகளைத் தேட வேண்டியிருக்கும். இங்கே கண்ணைத் திறந்தால் அதுதான் தெரியும்.

ஒரு கட்டடத்தைப் பார்த்ததும் கோதிக் என்று எப்படிச் சொல்வது?

ஆர்ச்சின் உச்சியைப் பாருங்கள். அரைவட்டமாக உருண்டு முடிந்தால் வேறு பாணி. இரண்டு பக்கமும் ஏறிவந்து நடுவில் கூராகச் சந்தித்தால் கோதிக் குடும்பம்.

அந்தக் கூர்முனையை வரைவது எவ்வளவு எளிது என்று பலருக்குத் தெரியாது. ஓர் ஆணி, ஒரு கயிறு போதும். ஆர்ச் தொடங்கும் இடது மூலையில் ஆணி அடித்து, வலது மூலை வரைக்கும் கயிற்றை நீட்டி, மேல்நோக்கி ஒரு வளைவு போடுங்கள். பிறகு வலது மூலையில் ஆணியை அடித்து அதே கயிற்றால் மறுபக்கம் ஒரு வளைவு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் உச்சி. கயிற்றின் நீளத்தையோ ஆணியின் இடத்தையோ மாற்றினால் ஆர்ச் ஒடுக்கமாகும், அல்லது தாழும். இதுதான் கொத்தனாருக்குப் பெரிய சுதந்திரம். அரைவட்ட ஆர்ச்சில் அகலம் பத்தடி என்றால் உயரம் ஐந்தடிதான், வேறு வழியில்லை. கூர் ஆர்ச்சில் ஒரே அகலத்துக்கு விரும்பிய உயரம் கிடைக்கும். அகலமான நடுக்கூடத்து ஆர்ச்சும் குறுகிய பக்கக்கூடத்து ஆர்ச்சும் ஒரே மட்டத்தில் உச்சி தொட முடிவது இதனால்தான்.

பாரமும் மாறுகிறது. அரைவட்ட ஆர்ச் தன் எடையைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூரான ஆர்ச் அதில் பெரும்பகுதியைக் கீழ்நோக்கி இறக்கிவிடும். பக்கத் தள்ளல் குறைந்தால் சுவர் மெலியலாம், தூண் ஒல்லியாகலாம், ஜன்னல் பெரிதாகலாம்.

மேலே கூரையில் ஓடும் விலா வளைவுகளையும் கவனியுங்கள். ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு அதற்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் விலா மரங்கள் எப்படி வரிசையாக நடுவை நோக்கி ஓடுமோ, அப்படித்தான் கோதிக் கூரை. ஐரோப்பாவில் அந்த விலாக்கள் கல்லில் இருக்கும். அவற்றுக்கு நடுவே மெல்லிய கல்லோ செங்கல்லோ நிரப்புவார்கள். இந்தியாவில் கட்டிய கோதிக் கோவில்கள் பலவற்றில் மரமும் சாந்துப் பூச்சும் அந்த வேலையைப் பார்க்கின்றன. கண்ணுக்கு வடிவம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் கணக்கு வேறு.

கோபுர உயரம் 153 அடி என்கிறார்களே, அதில் ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. இந்தக் கோவிலைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். நடுக்கோபுரம் 153 அடி, கோவிலின் நீளம் 153 அடி, அகலம் 53 அடி என்பது ஊர்ச்சொல். இரண்டும் செபமாலை எண்ணிக்கை. ஐந்து பத்து மணிகளும் தொடக்கத்து மூன்றும் சேர்ந்தால் 53 'அருள்நிறை மரியே' செபங்கள். மகிழ்ச்சி, துயரம், மகிமை என்ற மூன்று மறைபொருள் (தியான) தொகுதியையும் முழுசாகச் சொன்னால் நூற்றைம்பதும் மூன்றும், 153. 2002இல் போப் இரண்டாம் ஜான் பால் ஒளியின் மறைபொருள்கள் என்ற நான்காம் தொகுதியைச் சேர்த்த பிறகு முழுக் கணக்கு 203 ஆகிவிட்டது. நல்லவேளை, கோபுரம் அதற்கு முன்பே கட்டி முடிந்துவிட்டது.

எனக்கு இந்த எண்ணில் இன்னொன்றும் தோன்றும். யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசு சொன்ன பக்கம் வலை போட்டதும் பேதுரு கரைக்கு இழுத்துவந்த பெரிய மீன்கள் எத்தனை? நூற்று ஐம்பத்து மூன்று. வலையும் கிழியவில்லை. கட்டியவர்கள் மனதில் இருந்தது செபமாலைதான் என்றே சொல்லப்படுகிறது. ஆனாலும் கடலுக்குப் போகிற ஊரில் அந்த எண் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

எண்ணை அடியாக்குவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. எதிரே பாறையில் நிற்கும் திருவள்ளுவர் சிலை 133 அடி, குறளின் 133 அதிகாரங்களுக்காக. அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். 2000 ஜனவரி 1இல் சிலை திறந்ததில் இருந்து, ஒரே ஊரில் இரண்டு எண்ணிக்கைகள் எதிரெதிரே நிற்கின்றன.

ஐரோப்பியக் கோவில்களில் வெளியே பெரிய பெரிய கைகள் சுவரைத் தாங்குமே. அது ஏன் இங்கே இல்லை?

அந்தரத்தில் பாயும் முட்டுகளைச் சொல்கிறீர்கள். பாரிஸ் நோத்ர தாம் படங்களில் பின்பக்கம் இருந்து பார்த்தால் சிலந்திக் கால்கள் மாதிரி தெரிவது. உயரத்தில் உள்ள கல் கூரை சுவரை வெளியே தள்ளும். பக்கக்கூடத்தின் தலைக்கு மேலாக ஓர் அரை ஆர்ச்சை எறிந்து அந்தத் தள்ளலை வெளியே உள்ள கனத்த தூணுக்கு இறக்குவதுதான் அதன் வேலை.

உயரம் குறைவாகவும் கூரை லேசாகவும் இருந்தால் அது தேவைப்படாது. சுவரோடு ஒட்டிய முட்டுச்சுவர் போதும். அளவில் உள்ள வித்தியாசம் தெரிய ஓர் உதாரணம்: பிரான்சில் போவே என்ற ஊரின் பேராலயத்தில் பீடத்துக்கு மேலே உள்ள கூரை மட்டும் 48 மீட்டர். நம்முடைய கோபுரத்தின் 153 அடியை மீட்டராக்கினால் சுமார் 46.6. நம் கோபுரத்தை அப்படியே அந்தக் கூடத்துக்குள் நிறுத்தலாம். அந்தப் பேராசைக்குப் போவே விலை கொடுத்தது. 1284இல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அந்தக் கோவில் இன்று வரைக்கும் முழுசாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை.

கல்லா, செங்கல்லா, சிமெண்டா?

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் கரையோரக் கோவில்களின் நிஜமான கதை சாந்தில்தான் இருக்கிறது.

சிமெண்ட் எங்கும் கிடைக்கிற காலத்துக்கு முந்தைய தென்னாட்டுக் கட்டடங்கள் சுண்ணாம்பில் நின்றன. கடற்கரையில் சிப்பியையும் சங்கையும் சுட்டால் சுண்ணாம்பு. அதை நாள்கணக்கில் நீரில் ஊறப்போட்டு, மணலோடு சேர்த்து மாடு பூட்டிய செக்கில் அரைப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பார்கள். பனை இல்லாத ஊர் எது இந்தப் பக்கம்? கருப்பட்டிக்குக் குறைவில்லை. கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கோதிக் கோவிலின் தூண் தலைப்பில் உள்ள இலை வேலைப்பாடு பிரான்சில் உளியால் வந்தது. இங்கே அதே இலையைச் சுதையில் கரண்டியாலும் விரலாலும் எழுப்பினார்கள். சுசீந்திரம் கோபுரத்துக் கல் அடித்தளத்தின் மேல் நிற்கும் சுதைப் பொம்மைகளைச் செய்கிற அதே கைத்தொழில்தான்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சுவருக்குள் போகும், வெயிலில் ஈரம் வெளியே வரும். உப்பு மேல்பூச்சில் பூத்து உதிரும். சில வருடத்துக்கு ஒருமுறை வெள்ளை அடித்தால் சரியாகிவிடும். பழைய ஆட்கள் திருவிழாவுக்கு முந்தி வெள்ளையடித்தது அழகுக்காக மட்டும் இல்லை, அது பராமரிப்பு.

அதன் மேல் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும்? ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்பு சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே படிகமாகி வீங்கும். முதலில் பெயிண்டில் சின்னச் சின்னக் கொப்புளம் வரும், ஜன்னலுக்குக் கீழே, தரையில் இருந்து முழங்கால் உயரத்தில். விரலால் தட்டினால் பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்கும். அடுத்த மழைக்காலத்தில் பலகை மாதிரி பெயர்ந்து விழும், பழைய சுண்ணாம்பையும் கூடவே பிய்த்துக்கொண்டு. மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு பழைய கோவிலில் நல்ல எண்ணத்தோடு செய்த வேலை இப்படித்தான் முடிந்தது. ஊர் பெயர் வேண்டாம். பணம் கொடுத்தவர்களும் வேலை செய்தவர்களும் பக்தியோடுதான் செய்தார்கள். நூறு வருடத்துக் கோவிலுக்கு எதாவது செய்ய வேண்டும் என்று உங்கள் ஊர்க் கோவிலில் பேச்சு வந்தால், முதல் கூட்டத்திலேயே "சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைக் கேட்டீர்களா?" என்று கேளுங்கள்.

வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை எப்படிப் பார்ப்பது? எந்த நேரம் நல்லது?

நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். வண்ணக் கண்ணாடி சாய்வான வெயிலுக்குப் பிறந்தது. பிரான்சின் சார்த்ர் இருப்பது நிலநடுக்கோட்டில் இருந்து 48 பாகை வடக்கே. அங்கே குளிர்காலத்தில் நண்பகலில்கூட சூரியன் தாழ்வாகத்தான் இருக்கும், வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கூடத்தின் உள்வரைக்கும் பாயும். நாம் இருப்பது 8 பாகையில். பன்னிரண்டு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில். வெயில் கூரையில் விழும், ஜன்னலில் விழாது. காலை ஏழு, எட்டு மணி, மாலை நான்கு மணிக்கு மேல், இவைதான் கண்ணாடி பேசும் நேரம்.

இன்னொரு வேடிக்கை. ஐரோப்பாவில் வடக்குச் சுவர் ஜன்னலில் நண்பகல் வெயில் எந்த மாதத்திலும் விழாது. அதனால் அங்கே வடக்குப் பக்கம் என்றாலே குளிர்ந்த நீலம்தான். கன்னியாகுமரியிலோ ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நம் ஊர்க் கோவிலின் வடக்கு ஜன்னல்களுக்கு வருடத்தில் நாலு மாதத்துக்கு மேல் வெயில் கிடைக்கும். சார்த்ரில் நடக்காதது இது.

கண்ணாடி செய்யும் முறையும் தெரிந்தால் பார்ப்பது சுவையாக இருக்கும். நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீசு, சிவப்புக்குச் செம்பு அல்லது தங்கம் என்று உலோகங்களை உருகிய கண்ணாடியிலேயே கலப்பார்கள். நிறம் மேல்பூச்சு இல்லை. துண்டு துண்டாக வெட்டி, ஈயப் பட்டைகளில் பொருத்துவார்கள். முகத்தின் கண், மூக்கு, ஆடை மடிப்பு மட்டும் கருமையான மையால் தீட்டி மறுபடி சூளையில் வேக வைப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கறுப்புக் கோடுகளில் தடிமனானது ஈயம், மெல்லியது மை. பாரிசின் செயின்ட் சப்பேல் சிற்றாலயத்தில் இப்படி 15 பெரிய ஜன்னல்களில் 1,113 விவிலியக் காட்சிகள் இருக்கின்றன. தமிழ்ப் பக்கத்தில் நல்ல கண்ணாடி வேலை பார்க்க வேண்டும் என்றால் சாந்தோமுக்கும் புதுச்சேரிக்கும் போங்கள்.

அப்படியானால் இங்கே ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேறொன்று. ஐரோப்பாவில் கோதிக் ஜன்னல் திறக்காது. வெளிச்சத்தை மட்டும் விட்டு, குளிரை வெளியே நிறுத்துவதுதான் அதன் வேலை. இங்கே அதே கூர்முனை வடிவத்தைத் திறந்துவிட்டால் கடற்காற்று வரும். உயரமான கூடத்தில் சூடான காற்று மேலே ஏறிவிடும், கீழே பக்கவாட்டில் இருந்து காற்று உள்ளே இழுபடும். ஏப்ரல் மே மாதம் வெளியே வெயிலில் வெந்துவிட்டு உள்ளே காலடி வைத்தால் முதலில் தெரிவது ஆர்ச்சும் இல்லை, பீடமும் இல்லை. கழுத்து வியர்வை காய்வதுதான். என் கணக்கில் இந்தக் கரையில் கோதிக் வெற்றி பெற்றது இதனால்தான். வெளிச்சத்துக்காகப் பிறந்த வடிவம், இங்கே வந்து காற்றுக்கும் நிழலுக்கும் வேலை செய்கிறது. மின்விசிறி வராத காலத்தில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே கூரைக்கு அடியில் முழுப் பூசை காண வேண்டும் என்றால், உயரம் ஆடம்பரம் இல்லை.

அதனால்தான் பழைய கோவிலில் ஜன்னல்களை நிரந்தரமாக மூடி ஏசி வைக்கலாமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கும்.

உள்ளே போனதும் எங்கே இருந்து தொடங்க வேண்டும்?

வாசலிலேயே நில்லுங்கள். அவசரப்பட்டு நடுவே நடக்காதீர்கள். கோதிக் கூடம் வாசலில் இருந்து பார்ப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. இரண்டு பக்கத் தூண் வரிசைகளும் கண்ணைப் பிடித்து நேரே பீடத்துக்கு இழுத்துப் போகும். ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து அடியில் இருந்து கண்ணாலேயே ஏறிப் பாருங்கள். எங்கே தூண் முடிகிறது, எங்கே ஆர்ச் தொடங்குகிறது, அது எதிர்ப்பக்கம் எங்கே இறங்குகிறது. இதை ஒருமுறை செய்துவிட்டால் மொத்தக் கட்டடமும் புரிந்துவிடும்.

அப்புறம் பக்கக்கூடம் வழியாக நடங்கள். சுவர்களில் சிலுவைப்பாதையின் 14 நிலைகள் வரிசையாக வரும். தவக்காலத்தில் மக்கள் இதே வழியில் ஒவ்வொன்றாக நின்று செபிப்பார்கள். கலை என்று பார்க்காமல் கதை என்று பார்த்தால், ஒரே முகம் பதினான்கு இடத்தில் எப்படிச் சோர்ந்துகொண்டே போகிறது என்று கவனிக்கலாம்.

பீடத்தின் அருகே இரண்டு மேசைகள் மாதிரி தெரிந்தால் குழம்ப வேண்டாம். பழைய காலத்தில் குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி, சுவரோடு ஒட்டிய உயர்ந்த பீடத்தில் லத்தீனில் பூசை வைப்பார். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, மக்களைப் பார்த்து நிற்க வசதியாக முன்னால் இன்னொரு பீடம் வந்தது. தமிழில் பூசையும் வந்தது. பின்னால் இருப்பது பழைய கலை, முன்னால் இருப்பது இன்றைய புழக்கம்.

மாதாவுக்குச் சேலை கட்டியிருக்கிறார்களே, இது கோதிக்கா?

கோதிக் இல்லை, நம்முடையது. வேளாங்கண்ணியில் இருந்து இந்தக் கரை வரைக்கும் மாதா சுரூபத்துக்கு (சிலைக்கு) சேலை சாத்துவது வழக்கம். நேர்ச்சையாகச் சேலை கொண்டுவருவார்கள், அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

இந்த மாதாவின் பின்னணியும் சுவையானது. ஐரோப்பாவில் இவர் சிறைமீட்பின் அன்னை. 1218இல் பார்சலோனாவில் பேதுரு நொலாஸ்கோ தொடங்கிய சபை, கடற்கொள்ளையிலும் போரிலும் பிடிபட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. அந்தச் சபையின் அன்னை இவர். உலகம் முழுக்க அவருக்குத் திருநாள் செப்டம்பர் 24. கன்னியாகுமரியில் பெருவிழா டிசம்பரில், பத்து நாள். எல்லை தாண்டிப் போய்விட்டதாக மீனவர்கள் பிடிபடுவதும், வீட்டார் கரையில் காத்திருப்பதும் இன்றைக்கும் செய்தியாக வருகிற கரையில், சிறைமீட்பின் அன்னையிடம் என்ன கேட்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சுரூபங்களில் யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையைப் பாருங்கள். சாவி இருந்தால் பேதுரு. குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருந்தால் அந்தோனியார். உடம்பில் அம்பு தைத்திருந்தால் செபஸ்தியார். சாத்தானை மிதித்துக்கொண்டு வாளோ தராசோ பிடித்தவர் மிக்கேல் அதிதூதர். சிலுவையை உயர்த்திப் பிடித்த தாடிக்காரக் குருவானவர் பெரும்பாலும் சவேரியார்.

நம் மாவட்டக் கோவில்களில் அண்மைக்காலமாக அதிகம் பார்க்கும் முகம் தேவசகாயம் பிள்ளை, கிறிஸ்தவரான திருவிதாங்கூர் அரசு ஊழியர். வேட்டி கட்டி, கையில் விலங்கோடு, முழந்தாளிட்டிருப்பார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கம். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஐரோப்பியச் சுரூபங்களின் வரிசையில் வேட்டி கட்டிய ஒருவர் நிற்பதைக் குழந்தைகள் உடனே கவனித்துவிடுவார்கள்.

பீடத்துணியில் உள்ள பின்னல் வேலை வெளிநாட்டில் இருந்து வருவதா?

கலை வெளிநாடு, கை உள்ளூர். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் (இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் மிஷன்) காலத்தில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பின்னால் முளகுமூட்டில் பெல்ஜியக் கன்னியர் அதை வளர்த்தார்கள். அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர் 1897இல் முளகுமூடு வந்து சேர்ந்தவர். அவர் அங்கே தொடங்கிய சபை இன்று பல நாடுகளில் இருக்கிறது. பீடத்தின் விளிம்பில் தொங்கும் ஒரு சாண் ரேந்தையை (லேஸை) குனிந்து பாருங்கள். அதில் சிலுவையும் திராட்சைக் கொத்தும் கோதுமைக் கதிரும் நூலிலேயே எழுந்திருக்கும். கோபுரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. இந்த மாவட்டத்துக் கோவில்களின் உள்ளழகில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நீர் துப்பும் பூதங்கள் இருக்குமா?

ஐரோப்பிய கோதிக்கில் அவை மழைநீர்க் குழாய்கள், சுவரில் நீர் வழியாமல் தூரத் துப்புவதற்கு. ஜூனிலும் அக்டோபரிலும் இரண்டு மழை வாங்குகிற நமக்கு அது உதவியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பூதங்களைத் தேடி இங்கே வராதீர்கள்.

சுசீந்திரம் கோபுரத்தையும் இதையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

கட்டாயம் பாருங்கள், அதுவும் சுசீந்திரத்தை முதலில். அங்குள்ள தாணுமாலயன் கோவிலில் கருங்கல் தூணின் மேல் கருங்கல் உத்தரம் படுத்திருக்கும். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவதைத் தாங்காது. அதனால் உத்தரம் நீளமாக இருக்க முடியாது, தூண்கள் நெருங்கி நெருங்கி வரும். பிரகாரத்தின் அழகே அந்த நெருக்கம்தான். ஆர்ச்சில் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை அழுத்திக்கொண்டே நிற்பதால் சின்னச் சின்னக் கற்களையோ செங்கற்களையோ வைத்தே அகலமான இடைவெளியைத் தாண்டலாம். காலையில் அதையும் மாலையில் இதையும் பார்த்தால், இரண்டு விதமான அறிவு எப்படி இரண்டு விதமான கூடத்தை உண்டாக்கியது என்று காலே சொல்லிவிடும்.

கோபுரத்தின் உயரத்தை மட்டும் ஒப்பிட்டு எது பெரியது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கொடிமரமும் தேரும் கோதிக் கோவிலுக்கு ஒட்டுமா?

கோவிலுக்கு முன்னால் கொடியேற்றம், பத்து நாள் திருவிழா, கடைசியில் தேர்ப்பவனி. கட்டடத்தின் மேல்பகுதி பிரான்சைப் பார்க்கிறது, வாசல் நம் தெருவைப் பார்க்கிறது. ஒட்டவில்லை என்று இந்த ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மாவட்டத்தில் வேறு எந்தக் கோவில்களைப் பார்க்கலாம்?

முளகுமூடு தூய மரியன்னை பசிலிக்கா. கோட்டாறு சவேரியார் பேராலயம், இது கோதிக் இல்லை, வரலாற்றுக்காகப் பார்க்க வேண்டியது. நாகர்கோவிலில் 1819இல் அடிக்கல் நாட்டிய சி.எஸ்.ஐ. கற்கோவில், கருங்கல்லைப் பார்க்க. மயிலாடிக்குப் போனால் லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தௌபேயின் நினைவு ஆலயத்தோடு, தெருவோரம் உளிச்சத்தம் கேட்கும் சிற்பக் கூடங்களையும் பாருங்கள்.

வேற்று மதத்தவர் உள்ளே போகலாமா? படம் எடுக்கலாமா?

தாராளமாகப் போகலாம். செருப்பை வெளியே விடுங்கள், தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க வேண்டாம், பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள் அல்லது முடிந்த பிறகு வாருங்கள். படம் எடுப்பதற்கு முன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். செபித்துக்கொண்டிருப்பவர்கள் முகம் படத்தில் வேண்டாம். கூரையைப் படமெடுக்க வேண்டும் என்றால், போனை நிமிர்த்திப் பிடித்து அலையாமல், திரை மேலே பார்க்கும்படி தரையில் வைத்து, முன்பக்கக் கேமராவில் டைமர் போட்டுவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். விலா வளைவுகள் நேராக விழும்.